கொங்கு மண்ணை மேசைமேல் இறக்க: கிட்டா, கைவேலையா, லேசர் கடையா?

தண்டவாளம் போட்டு, ஒயர் இழுத்து, என்ஜின் தடங்கல் இல்லாமல் ஓடத் தொடங்கிய பிறகுதான் மாடல் ரயில்காரருக்கு உண்மையான செலவு ஆரம்பிக்கிறது. சுற்றிலும் கிடக்கும் மொட்டைப் பிளைவுட்டை ஓர் ஊராக மாற்ற வேண்டும். அதற்கு மூன்று வழி. ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வரும் கிட்டுகளை வாங்கி ஒட்டலாம். சன்போர்டு (போர்டு எழுதும் கடைகளின் நுரை ஷீட்), தெர்மாகோல், மண், நார் என்று இங்கே கிடைப்பதை வைத்து நாமே செய்யலாம். படம் வரைந்து கொடுத்து லேசர் கடையிலோ 3டி பிரிண்டிங் கடையிலோ வெட்டி வாங்கலாம். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு மூன்றுமே எட்டுகிற தூரத்தில் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரி இருபது வேண்டுமென்றால் மெஷினிடம் கொடுங்கள். ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் கையால் செய்யுங்கள். மண்ணையும் மரத்தையும் மட்டும் தயவுசெய்து இறக்குமதி செய்யாதீர்கள். ஏன் என்பதற்குப் போகும் முன் இன்னொரு முடிவு இருக்கிறது. எந்த இடத்தைச் செய்யப் போகிறீர்கள்?

எந்த ஊர்?

நம் பக்கத்தில் மாடல் ரயில் என்றாலே பாதிப் பேருக்கு மேட்டுப்பாளையம் – ஊட்டி ரயில்தான் நினைவுக்கு வருகிறது. ஆசை நியாயமானதுதான். 46 கி.மீ. பாதையில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கி, 1908-இல் ஊட்டியைத் தொட்டது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதை மேசையில் இறக்கும்போது கணக்கு இடிக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடி போனால் 1 அடி ஏறுகிற பாதை. பல்சக்கரம் இல்லாமல் நிஜ ரயிலே ஏறாது. சாதாரண மாடல் என்ஜின் நான்கு பெட்டியை இழுத்துக்கொண்டு 40-க்கு 1 ஏறினாலே பெரிய விஷயம். மீட்டர் கேஜ் என்பதால் 1:87 அளவில், அதாவது நிஜத்தை 87 மடங்கு சுருக்கிய ‘எச்.ஓ.’ ஸ்கேலில், தண்டவாள இடைவெளி 11.5 மி.மீ. வரும், கடையில் கிடைக்கும் 12 மி.மீ. பாதையை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் வண்டியும் பல்சக்கர ஏற்பாடும் தேடி அலைய வேண்டும். பாறை வார்க்கிற வேலையில் உங்களுக்குத் தனிப் பித்து இருந்தால் மட்டும் கல்லாறு பாக்குத் தோப்பும் முதல் குகையும் வருகிற துண்டை எடுத்துச் செய்யுங்கள். முதல் லேஅவுட்டாக, அதாவது முதல் மேசை அமைப்பாக, வேண்டாம்.

ஈரோடு – கோவை மெயின் லைன் இன்னொரு ஆசை. இங்கே இடிப்பது நீளம். இன்றைய எக்ஸ்பிரஸ் வண்டிகளில் வரும் ஓர் எல்.எச்.பி. பெட்டி கிட்டத்தட்ட 23.5 மீட்டர், 1:87-இல் 27 செ.மீ. இருபத்துநாலு பெட்டி கோத்தால் ஆறரை மீட்டர். கல்யாண மண்டபம் இருந்தால் சரி. இடம் குறைவு, ஆனால் மெயின் லைன் வண்டிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஈரோடு லோகோ ஷெட் மாதிரி ஒன்று நல்ல யோசனை. பெட்டியே வேண்டாம், என்ஜின்கள் மட்டும் வந்து போகும். ஆனால் அதில் காட்சி முழுக்க முழுக்கக் கட்டடம். இயற்கைக்கு இடமே இல்லை.

நான் சிபாரிசு செய்வது போத்தனூர் – பொள்ளாச்சி பாதை. கிணத்துக்கடவு மாதிரி ஒரு சின்ன ஸ்டேஷன், பின்னால் கோயில் குன்று, ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மூன்று நாலு பெட்டி வண்டி. 8 அடிக்கு 2 அடி பலகையில் அடங்கிவிடும். அந்தப் பலகை எச்.ஓ. அளவில் எவ்வளவு நிலம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 212 மீட்டர் நீளம், 53 மீட்டர் அகலம். மூன்று ஏக்கர்கூட இல்லை. அதற்குள் ஸ்டேஷன், கேட், தோப்பு, ரைஸ் மில், கோழிப்பண்ணை எல்லாவற்றையும் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டைத் தேர்ந்தெடுங்கள், போதும்.

அளவு பற்றிக் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் அகலப் பாதை 1676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். எச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ.தான், ஏனென்றால் அது ஐரோப்பாவின் 1435-க்கு அளந்தது. இந்த வித்தியாசத்தோடு வாழப் பழகிக்கொள்வதே நல்லது. இடம் ரொம்பக் குறைவென்றால் 1:160 அளவான ‘என்’ ஸ்கேலுக்குப் போகலாம். அதே பலகை 390 மீட்டர் நிலமாக விரியும். ஆனால் கையால் செய்கிற இன்பம் அங்கே பாதியாகிவிடும். ஆள் 11 மி.மீ. உயரம்தான். வேட்டி கட்டிவிட முடியாது.

அடித்தளம்

இதில் யோசிக்க அதிகம் இல்லை. தெர்மாகோல் எல்லாப் பேன்ஸி ஸ்டோரிலும் கிடைக்கும், விலை குறைவு, லேசு. அறுத்தால் முத்து முத்தாகப் பறந்து என்ஜின் கியருக்குள் போய் உட்காரும். ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் உருகும். அதே குடும்பத்தைச் சேர்ந்த எக்ஸ்.பி.எஸ். ஷீட், கூரை வெப்பத் தடுப்புக்குப் போடுவார்களே, அதுதான் சரி. கத்தியால் சீவினால் நேராகச் சீவ வரும், முத்து உதிராது. ஸ்ப்ரே மட்டும் இதற்கும் ஆகாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் துணி நனைத்துப் போர்த்துவது பழைய வழி. பாறை முகத்துக்கு இன்றைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. மொத்தக் குன்றையும் அதில் செய்தால் பலகையை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டியிருக்கும். உடம்புக்கு எக்ஸ்.பி.எஸ்., வெளியே தெரிகிற பாறைக்கு மட்டும் பி.ஓ.பி. கசக்கி விரித்த அலுமினியம் ஃபாயிலில் ஊற்றி எடுத்தாலே கிணத்துக்கடவுக் குன்றின் வெடிப்புகள் வந்துவிடும்.

மண்ணும் புல்லும்

இங்கேதான் இறக்குமதிப் பாக்கெட்டுகள் தோற்கின்றன. வெளிநாட்டுக் கம்பெனிகளின் நிலப்பொடிகள் பெரும்பாலும் ஈரமான பச்சைப் புல்வெளிக்கு அளந்த நிறங்கள். சூலூர்ச் செம்மண்ணும் உடுமலைப் பக்கத்துக் கரிசலும் அந்த நிற அட்டையில் கிடையாது. நம் மண்ணையே எடுத்து, வெறும் வாணலியில் நன்றாக வறுத்து, பழைய டீ வடிகட்டியில் இரண்டு முறை சலித்தால் போதும். வறுப்பது பூச்சி, முட்டை, விதை எல்லாம் போகட்டும் என்பதற்காக. பிறகு ஒரு காந்தத்தைப் பேப்பரில் சுற்றி மண்ணுக்குள் விட்டுத் துழாவுங்கள். கருப்பாக மீசை முளைத்து வெளியே வரும். அந்த இரும்புத் துகள் என்ஜின் மோட்டாருக்குள் போனால் வண்டி நின்றது நின்றதுதான். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விடக் கூடாது. மண்ணோடு வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு டைல்ஸ் இடுக்கில் போடும் கிரவுட் பொடி இருக்கிறது. பூச்சியும் இல்லை, காந்தமும் வேண்டாம், ஆனால் நிறம் கொஞ்சம் செத்திருக்கும்.

ஜல்லிக்கும் இதே கதை. ரயில்வே போடும் ஜல்லி 20 முதல் 65 மி.மீ. வரை. 1:87-இல் கால் மி.மீ. முதல் முக்கால் மி.மீ. எம்-சாண்டைச் சலித்தால் இந்த அளவு கொட்டிக் கிடக்கிறது. கருங்கல்லை உடைத்த மணல்தானே அது? நிஜ ஜல்லியும் அதே கல்தான். பாக்கெட் ஜல்லி வாங்குவதில் ஒரே லாபம், தூசி இல்லாமல் கழுவி வரும். எம்-சாண்டை நாம் கழுவிக் காயவைத்துக்கொள்ள வேண்டும். காந்தச் சோதனை இதற்கும் உண்டு. பரப்பி, தண்ணீரைப் புகையாகத் தெளித்து, ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, இங்க் ஃபில்லரால் ஓரத்திலிருந்து விடுங்கள். சோப்புச் சொட்டு இல்லையென்றால் பசை உருண்டு மேலேயே நிற்கும். தடம் மாற்றும் பாயிண்டின் நகரும் நாக்குப் பக்கம் பசை போகவே கூடாது. இன்னொன்று, வாங்கிய தண்டவாளத்தின் ஸ்லீப்பர் பெரும்பாலும் மரக்கட்டை நிறத்தில் வரும். இன்றைய பாதையில் கான்கிரீட்தான். ஜல்லி போடும் முன் சாம்பல் அடித்துவிடுங்கள். பிறகு அடிக்க முடியாது.

புல்லில்தான் திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பனியனில் வெல்வெட் மாதிரி எழுத்து ஒட்டுவார்களே, அந்த ஃப்ளாக் பிரிண்டிங்கின் நைலான் பொடியும் வெளிநாட்டு மாடல் புல்லும் அடிப்படையில் ஒரே சரக்கு. வித்தியாசம் நீளத்தில். துணிக்குப் போடுவது அரை மி.மீ., மிஞ்சினால் ஒரு மி.மீ. ஒரு மி.மீ. என்றால் நிஜத்தில் ஒன்பது சென்டிமீட்டர்: ஆடு மேய்ந்து முடித்த புல். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டுக்கு அதுவே அமைப்பாக இருக்கும். மழைக்குப் பிறகு எழும்பிய கொழுக்கட்டைப் புல் வேண்டுமென்றால் 4 மி.மீ. இழை தேவை; அதை மட்டும் ஆன்லைனில் வாங்குங்கள். புல் நிமிர்ந்து நிற்க மின்னேற்றம் கொடுக்கும் கருவிக்குப் பெரிய விலை கேட்பார்கள். கொசு அடிக்கும் பேட்டின் உள்சர்க்யூட்டை எடுத்து ஓர் எவர்சில்வர் வடிகட்டியோடு இணைத்து அதே வேலையை வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சர்க்யூட்டில் கப்பாசிட்டர் இருக்கிறது. ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் திறக்காதீர்கள்.

முதல் லேஅவுட்டுக்கு நிலமாகப் பார்த்தால் தோப்பைவிடக் கொறங்காடு பாதி வேலைதான். காய்ந்த மஞ்சள் புல், ஓரத்தில் கிளுவை வேலி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்த வெள்வேல மரம், இரண்டு மாடு. பத்து மரம் செய்தால் ஒரு காடு முடிந்தது. கிளுவை வேலிக்குப் பொங்கல் காப்புக் கட்டில் சொருகுகிற பூளைப்பூச் செடியைக் காயவைத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னக் கிளையாகப் பிரிந்து வரும் காம்பு அது. பூவை உதிர்த்துவிட்டு ஃபெவிகால் தண்ணீரில் முக்கி எடுத்தால் உடையாது.

தேங்காய் நாருக்கும் ஓர் இடம் உண்டு. புல்லுக்கு அது தடிமன். நாரின் கால் மி.மீ. கனம் நிஜத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆனால் சோளத்தட்டு அதே கனம்தானே? 25 மி.மீ. நீளத்துக்கு நறுக்கிக் கட்டாகக் கட்டிச் சாய்த்து வைத்தால் தட்டுப்போர். நட்டுவைத்து நுனியில் கொஞ்சம் பழுப்புப் பொடி தொட்டால் சோளக்காடு. பொள்ளாச்சி நார் மில் வாசலில் சும்மா கிடக்கிற சரக்கு இது.

தென்னை

பொள்ளாச்சி என்று போர்டு வைத்துவிட்டுத் தென்னை இல்லாமல் தப்பிக்க முடியாது. இதில்தான் முடிவெடுப்பது கஷ்டம். 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 70 மரம். ஒரு ஏக்கர் 1:87-இல் 73 செ.மீ. சதுரம். அதில் எட்டேமுக்கால் செ.மீ.க்கு ஒன்றாக, கோடு பிடித்த மாதிரி 70 தென்னை நிற்க வேண்டும். அரை ஏக்கர் தோப்பு என்றாலும் 35 மரம். மரத்துக்கு இருபது மட்டை என்று சிக்கனமாகப் போட்டாலும் 700 மட்டை. உயரமும் நாம் நினைப்பதைவிட அதிகம். வளர்ந்த நெட்டை ரகம் 20 மீட்டர் எட்டும். மாடலில் 23 செ.மீ. ஸ்டேஷன் கூரையைப்போல் மூன்று நான்கு மடங்கு. சின்னதாகச் செய்து பழகிய கண்ணுக்கு முதலில் பூதம் மாதிரி தெரியும், ஆனால் அதுதான் சரியான அளவு. அவ்வளவு உயரம் முன்னால் நின்றால் ரயிலை மறைக்கும் என்பவர்கள் இளநீர்க் குட்டை ரகத் தோப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யில்லை, பொள்ளாச்சியில் அதுவும் நிறைய.

ரெடிமேடாகச் சீனப் பிளாஸ்டிக் தென்னை பாக்கெட் பாக்கெட்டாக வருகிறது. அடிமரம் பளபளப்பாக, ஓலை ஐந்தாறு தடித்த விரலாக இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்க்க லாயக்கில்லை. லேசர் கடையில் பேப்பரில் ஓலை வெட்டலாம். கீற்று கீற்றாக அழகாக வரும், ஓரம் மட்டும் கருகிப் பழுப்பாகும். தென்னைக்கு அந்தப் பழுப்பு நல்லதுதான். கையால் என்றால் பச்சைப் பேப்பரை நீளவாக்கில் மடித்து, நடுவில் மெல்லிய கம்பி வைத்து ஒட்டி, கத்தரியால் சாய்வாகக் கீறிவிட வேண்டும். மட்டை ஐந்து செ.மீ. நீளம். டி.வி. பார்த்துக்கொண்டே ஒரு மாலையில் இரண்டு மரத்துக்கு மட்டை கத்தரிக்கலாம். நாலாவது வழி கோழி இறகு. பல்லடம், நாமக்கல் பக்கம் இதற்குப் பஞ்சமா? கழுவிக் காயவைத்துச் சாயம் ஏற்றினால் நடுக்காம்போடு கூடிய ஓலை தயார். பூச்சி வரும் என்பதால் நாப்தலீன் உருண்டை போட்ட டப்பாவில் கொஞ்ச நாள் வைத்திருந்து எடுக்க வேண்டும்.

அடிமரம் 30 செ.மீ. கனம் என்றால் மாடலில் மூன்றரை மி.மீ.; மூங்கில் குச்சி சரியாக வரும். ‘என்’ ஸ்கேலுக்கு இரண்டு மி.மீ. போதும், தென்னை ஈக்கே போதும். தென்னை ஈக்கில் தென்னை செய்யும் பாக்கியம் அந்த ஸ்கேல்காரர்களுக்குத்தான். குச்சியில் ஃபெவிகால் தடவித் தையல் நூலை விட்டு விட்டுச் சுற்றினால் மட்டை விழுந்த வடு வளையம் வளையமாக வரும். நீராவியில் காட்டிக் கொஞ்சம் வளைத்துவிடுங்கள். எந்தத் தென்னையும் கம்பம் மாதிரி நிற்பதில்லை.

முடிவு என்ன? எல்லாவற்றையும் கலக்க வேண்டியதுதான். கண்ணுக்கு அரை அடியில் இருக்கும் முன்வரிசை ஏழெட்டு மரம் கையால். நடுவரிசை லேசர் ஓலை. கடைசி வரிசைக்குப் பிளாஸ்டிக் மரத்தை வாங்கி, பளபளப்புப் போக மேட் ஸ்ப்ரே அடித்து, கொஞ்சம் குட்டையாக நறுக்கி நடுங்கள். குட்டையாக இருப்பதால் தூரத்தில் இருப்பதாகக் கண் நம்பிவிடும். அதற்கும் பின்னால் ஃப்ளெக்ஸ் கடையில் அடித்த போட்டோ. 35-இல் பத்துக்கும் குறைவான மரத்துக்குத்தான் உங்கள் உழைப்பு போகிறது. பார்க்கிறவர் அதை மட்டும்தான் பார்ப்பார்.

கட்டடங்கள்

கிட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் ஃபாலர் மாதிரிக் கம்பெனிகளின் பிளாஸ்டிக் கிட்டுகள் தயாரிப்பில் குறை சொல்ல முடியாதவை. ஜன்னல் சட்டம், ஓடு, குழாய் எல்லாம் துல்லியம். ஆனால் அது பனி விழுகிற ஊர் வீடு. கூரை செங்குத்து, மொட்டை மாடி இல்லை, திண்ணை இல்லை, சின்டெக்ஸ் டேங்க் இல்லை. கிணத்துக்கடவில் அதை வைத்தால் ரிசார்ட் என்றுதான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மெட்கால்ஃப் அட்டைக் கிட்டுகள் கொஞ்சம் நெருங்கி வருகின்றன. மெட்ராஸ் ரயில்வேயும் தென்னிந்திய ரயில்வேயும் இங்கிலாந்துக் கம்பெனிகள். அவர்கள் விட்டுப்போன செங்கல் சிக்னல் கேபினும் வளைவுக் கல்பாலமும் அங்கிருக்கும் வேலையின் அண்ணன் தம்பிகள். கல்பாலம், தாங்குசுவர், சிக்னல் கேபின், இந்த மூன்றுக்கு அந்தக் கிட் வாங்கலாம். 1:76 அளவு என்பதால் சற்றுப் பெரிதாக இருக்கும். சுவருக்கு அது தெரியாது, கதவுக்குத் தெரியும்.

விலைதான் பெரிய தடை. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனது. மாடல் ரயிலும் அதே சுங்கத் தலைப்பில்தான் வருகிறது. நமக்கு அது பொம்மை இல்லை என்று கஸ்டம்ஸில் போய் வாதாடவா முடியும்? ஒரு வீட்டுக் கிட் வாங்கும் காசில் 8 அடிக்கு 4 அடி சன்போர்டு ஷீட்டே வாங்கிவிடலாம்; மிச்சமும் இருக்கும்.

சன்போர்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போர்டு எழுதும் கடைகளில் மூன்று மி.மீ., ஐந்து மி.மீ. கனத்தில் துண்டு துண்டாக மிஞ்சிக் கிடக்கும். இந்த இரண்டு கனமும் நம் ஊர்க் கட்டடங்களுக்கு அளந்து செய்தது மாதிரி பொருந்துகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 1:87-இல் 2.6 மி.மீ.; மூன்று மி.மீ. ஷீட் சரி. பழைய ரயில்வே கட்டடங்களின் ஒன்றரை அடிக் கல்சுவர் 5.2 மி.மீ.; ஐந்து மி.மீ. ஷீட் சரி. உயரப் பிளாட்பாரம் தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. வரை, மாடலில் ஒன்பது பத்து மி.மீ., இரண்டு ஐந்து மி.மீ. ஷீட். நடுத்தரப் பிளாட்பாரம் 455 மி.மீ.; ஒரே ஷீட். பிளாட்பாரக் கணக்கு தண்டவாளத்தின் தலையிலிருந்து என்பதை மறக்காமல், அடியில் ஸ்லீப்பர், ஜல்லி கனத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகக் கொடுங்கள். மேல் தோலில் பால்பாய்ண்ட் பேனாவை அழுத்திக் கோடு போட்டால் கல்லிடுக்கு வரும். பூச்சுச் சுவர் என்றால் அக்ரிலிக் பெயின்டில் சுண்ணாம்புப் பொடி கலந்து தடவுங்கள். சன்போர்டு, எம்.டி.எஃப். என்கிற மரத்தூள் பலகை மாதிரி ஈரத்தில் ஊதாது. அட்டை மாதிரி வளையாது, பூச்சியும் தொடாது. மேட்டுப்பாளையம், வால்பாறை ஈரத்துக்கு இதுதான் தோதானது.

கூரைதான் கட்டடத்தைக் காட்டிக் கொடுக்கும், ஏனென்றால் லேஅவுட்டை மேலிருந்துதான் பார்க்கிறோம். வில்லை ஓட்டுக்கு, மெல்லிய பொருட்கள் பேக் செய்து வரும் நுண் நெளி அட்டையின் மேல்தாளை ஈரம் தொட்டு உரித்து, ஐந்து மி.மீ.க்கு ஒரு பட்டையாக நறுக்கி, கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நம் ஊருக்கே உரிய வழி ஒன்று உண்டு. அந்த ஷீட்டின் நெளிக்கு நெளி 146 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 1.68. பன்னிரண்டு எம்.எம். திரெட் ராடின் மரை இடைவெளி 1.75. காந்திபுரத்தில் எந்த போல்ட் நட் கடையிலும் ஒரு அடித் துண்டு தருவார்கள். தடித்த ஃபாயிலை ரப்பர் ஷீட் மேல் விரித்து ராடை அழுத்தி உருட்டினால் நெளி ஷீட் தயார். பல்லடம் கோழிப்பண்ணை, ஜின்னிங் மில், குட்ஸ் ஷெட் எல்லாவற்றுக்கும் இதே கூரை. கோலத்துக்கு வாங்கும் காவிப்பொடியைக் காய்ந்த பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் புழுதியும் ஏறிவிடும். பண்ணையை மட்டும் நிஜ நீளத்துக்குச் செய்யாதீர்கள். 200 அடிப் பண்ணை 70 செ.மீ. ஆகிவிடும். கால்வாசிக்கு வெட்டி, மீதி மரத்துக்குப் பின்னால் போகிற மாதிரி காட்டுங்கள்.

லேசருக்கு வருவோம். கல்யாண ரிட்டர்ன் கிஃப்டும் பெயர்ப் பலகையும் வெட்டுகிற அதே கடை. கோரல் டிராவில் வரைந்த ஃபைல் இருந்தால் காத்திருந்தே வாங்கி வரலாம். பிளாட்பாரக் கூரைத் தூண், கதவு, ஜன்னல் சட்டம், வேலிக் கால் எல்லாம் ஒரே அச்சு. நூறு கேட்டாலும் நூறும் ஒன்றுபோல வரும். கைவேலை இதற்கு ஈடாகாது. ஆனால் ஆசைக்கும் எல்லை இருக்கிறது. ஜன்னல் கம்பியைப் படத்தில் போட்டுக்கொண்டு போய் நின்றபோது கடைத் தம்பி திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது வராதுங்ணா. கம்பி கால் எம்.எம்.கூட இல்ல. லேசர் போனதும் கருகி உதுந்துரும். சட்டத்த மட்டும் வெட்டித் தர்றேன், கம்பிய நீங்க பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கங்க.” அவர் சொன்னது சரி. அரை அங்குலக் கம்பி மாடலில் 0.15 மி.மீ. ஓ.எச்.பி. ஷீட் என்கிற கண்ணாடித் தாளில் பிரிண்ட் எடுத்துப் பின்னால் ஒட்டினால் கம்பியும் கண்ணாடியும் ஒரே வேலையில் முடிகிறது. சுவர் முழுவதையும் எம்.டி.எஃப்.பில் வெட்டிப் பல் கோத்து நிறுத்துவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூலையில் அந்தப் பல் தெரியும். பட்டி பார்த்து மறைக்கிற நேரத்தில் சன்போர்டு சுவர் நாலு எழும்பிவிடும்.

3டி பிரிண்டிங் கோவையில் வார்ப்படப் பட்டறைகளின் பேட்டர்ன் வேலையோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. ஜாப் ஒர்க் எடுப்பவர்களுக்குக் குறைவில்லை. இழை உருக்கி அடுக்கும் சாதாரண மெஷினில் ஓர் அடுக்கு 0.2 மி.மீ. என்றால் நிஜ அளவில் ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் வரப்பு. சுவரில் அது பளிச்சென்று தெரியும். அந்த மெஷினில் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழை 60 டிகிரியில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போனால் வளைந்திருக்கும். ரெசின் பிரிண்ட் மிக நுணுக்கம், ஆனால் உடையும். வீட்டில் செய்தால் கையுறை, கழுவும் ஆல்கஹால், காற்றோட்டம் என்று தனிக் கூத்து. ஆகவே கட்டடத்துக்கு வேண்டாம். தண்ணீர்த் தொட்டி, அடிபம்பு, பாயிண்ட் லீவர், தெருவிளக்கு, மொபெட், ஆள்: இந்தச் சின்ன உருப்படிகளுக்கு ரெசின்தான் ஒரே நல்ல வழி. ஆன்லைனில் வரும் 1:87 பொம்மை ஆட்கள் எல்லாரும் கோட்டும் தொப்பியுமாக நிற்பார்கள். டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்து இடுப்பில் சுற்றி வேட்டி கட்டிவிடலாம்; இருபது மி.மீ. ஆளுக்கு அது சாத்தியம். கொலுப் பொம்மையை மட்டும் கொண்டுவந்து வைக்காதீர்கள், அவர் பிளாட்பாரக் கூரையைவிட உயரமாக நிற்பார்.

பாதையோரம்

ஸ்டேஷன் பெயர்ப் பலகைக்கு ஐ.டி. கார்டு அடிக்கும் கடை போதும். மஞ்சளில் கருப்பு, தமிழ், இந்தி, ஆங்கிலம், அந்த வரிசையில், ஓரத்தில் கடல் மட்ட உயரம். கேட்டுக்கு முன்னால் விசில் அடிக்கச் சொல்லும் மஞ்சள் பலகை, கிலோமீட்டர் கல், கேட்கீப்பர் அறை, இவையெல்லாம் ஐந்து மி.மீ. சன்போர்டு மிச்சத்தில் முடிந்துவிடும். சிக்னலை மட்டும் விளக்கு எரிகிற மாதிரி ரெடிமேடாக வாங்குங்கள். அந்தச் சின்ன எல்.இ.டி.க்கு ஒயர் பற்றவைப்பதில் கண் போய்விடும்.

கடைசியாக, என்ஜினுக்குக் கரண்ட் கொடுக்கும் ஒயரைத் தாங்குகிற மின்கம்பம். நிஜத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவே அதிகபட்சம் 72 மீட்டர், எச்.ஓ.வில் 83 செ.மீ. அந்தக் கணக்கில் எட்டடிப் பலகைக்கு மூன்று கம்பம்தான் வரும், பார்க்க வெறிச்சோடி இருக்கும்; 40 செ.மீ.க்கு ஒன்று என்று நெருக்கிவிடலாம். ஒயர் உயரம் தண்டவாளத்திலிருந்து 64 மி.மீ. ஜெர்மன் கம்பங்கள் வலுவானவை, ஆனால் அமைப்பு வேறு, விலையும் ஆளைக் கொல்லும். பித்தளைக் கம்பியில் சால்டரிங் செய்தால் உருவம் நம்முடையதாக வரும். சால்டரிங் கை வராதவர்கள் கம்பத்தையும் அதன் குறுக்குக் கையையும் மட்டும் லேசரில் வெட்டி நிறுத்திவிட்டு ஒயரை விட்டுவிடலாம். தண்டவாளத்தைத் துடைக்கக் கை விடும்போதெல்லாம் ஒயர் இடறும். அதைத் திரும்பக் கட்டுவது கம்பம் நடுவதைவிடப் பெரிய வேலை. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், பொள்ளாச்சிப் பாதையில் கம்பி ஏறுவதற்கு முந்தைய டீசல் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கம்பம்கூடத் தேவைப்படாது, அந்தக் காசுக்கு இன்னொரு என்ஜினே வாங்கலாம்.